கசகசா, உண்ணி, உருளைக்கிழங்கு: பாலட்டன் ஏரிக்கரையில் எட்டு நாள்

ஜூலை 14

ஹங்கேரியில் ஒரு திருச்சபை நடத்தும் குழந்தைகள் கோடை முகாமுக்கு ஊழியம் செய்யப் போயிருந்தேன். விசா, விமானக் கதைகளை விட்டுவிடுகிறேன். கடைசி மூன்று மணி நேரத்தை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் சொதப்பியது நான்தான்.

புடாபெஸ்டில் டெலி ஸ்டேஷனில் ரயில் ஏறி, பாலட்டன் ஏரியின் தென்கரையில் பாலட்டன்செமெஷ் என்ற ஊரில் இறங்கச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கரையில் பாலட்டன்ஃபோல்ட்வார், பாலட்டன்சார்சோ, பாலட்டன்செமெஷ், பாலட்டன்லெல்லே, பாலட்டன்போக்லார் என்று வரிசையாக எல்லா ஊருக்கும் ஒரே இனிஷியல். ரயிலில் நிற்கத்தான் இடம். வெளியே 36 டிகிரி, உள்ளே அதற்கு மேல். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் மிதவை மெத்தையை வீட்டிலேயே ஊதிக் கொண்டுவந்து, அதை நடுவழியில் நிறுத்தி வைத்திருந்தது. ஒலிபெருக்கியில் "பாலட்டன்ச..." என்று கேட்டதும் அந்த மெத்தையைத் தாண்டிப் பெட்டியோடு குதித்தேன். ரயில் போன பிறகு பலகையைப் படித்தால், சார்சோ. ஒரு ஊர் முன்னாடியே இறங்கிவிட்டேன்.

பெஞ்சில் ஒரு பெரியவர் பாதாமிப் பழம் தின்றுகொண்டிருந்தார். ஆப்ரிகாட் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஹங்கேரிய மொழி தெரியாது. என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் தன் போனில் முகாமின் எண்ணை அழுத்தி, நாலு வார்த்தை பேசி, வைத்துவிட்டார். பிறகு பையிலிருந்து இரண்டு பழம் எடுத்து என் பக்கம் தள்ளினார். வண்டி வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். சிரிக்கவும் இல்லை, பேச்சுக்கொடுக்கவும் இல்லை. இந்த ஊர் மரியாதை இப்படித்தான் என்று போகப் போகத் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்கள், ஆனால் காரியம் நடந்துவிடும்.

முகாமை நடத்தும் போதகர் பழைய வேனில் வந்தார். "தப்பான ஊர் என்றாலும் நல்ல ஊரில் இறங்கியிருக்கிறீர்கள்" என்றார். அத்திலா யோஜெஃப் என்ற அவர்களுடைய பெரிய கவிஞர் 1937 டிசம்பரில் இங்கேதான் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தாராம். வயது 32. அவர் பிறந்த ஏப்ரல் 11-ஐ நாடே கவிதை தினமாகக் கொண்டாடுகிறது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் முகாம் வந்துவிட்டது.

இரண்டு மாடிக் கட்டடம், முற்றத்தில் ஒரு பெரிய வால்நட் மரம், அதாவது அக்ரூட். 7 முதல் 12 வயது வரை 42 குழந்தைகள். என்னையும் சேர்த்துப் பெரியவர்கள் பத்துப் பேர். சீர்திருத்தத் திருச்சபை முகாம், போப்பாண்டவரை ஏற்காத கால்வின் வழி வந்தவர்கள். இரவு உணவு ரொட்டி. அதன்மேல் பன்றிக்கொழுப்பைத் தடவி, வெங்காய வளையம் அடுக்கி, மிளகாய்த்தூள் தூவித் தந்தார்கள். பசியில் நாலு துண்டு தின்றேன்.

ஜூலை 15

காலையில் கையெழுத்துப் போட ஒரு கட்டுத் தாள். காவல்துறை நன்னடத்தைச் சான்றை ஊரிலிருந்தே அனுப்பியிருந்தேன், அது போதவில்லை. எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். பெற்றோர் எழுதித் தராமல் படம் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில் அன்றைக்கே மாட்டினேன். குழந்தைகள் வரிசையாகக் கால் கழுவும் அழகைப் பார்த்து போனில் ஒரு படம் எடுத்துவிட்டேன். எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த கல்லூரி மாணவி பக்கத்தில் வந்து, "அதை அழித்துவிடுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் கூடுதலாக வெட்கமாக இருந்தது.

குழந்தைகளுக்கு நான் "இந்தியா நேனி". பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இங்கே குழந்தைகளுக்கு இல்லை. பெயருக்குப் பின்னால் பெண் என்றால் நேனி, ஆண் என்றால் பாச்சி. அத்தை, மாமா மாதிரி. என் பெயரை இரண்டு முறை முயன்று பார்த்தார்கள், பிறகு நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போனால் வெறும் பெயர்தான் என்று நினைத்திருந்த எனக்கு, முப்பத்தொரு வயதில் 42 மருமக்கள்.

பாட நேரம் பத்து மணிக்கு. ஐந்து கதை தயார் செய்து, ஃபிளானல் துணியில் ஒட்டும் படங்களோடு போயிருந்தேன். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பத்து வருடம் பாடம் எடுத்த தைரியம். முதல் கதை சகேயு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய குள்ளர். நான் ஒரு வரி, மாணவி ஒரு வரி. பன்னிரண்டு நிமிடக் கதை இருபத்தைந்து நிமிடம் இழுத்தது. சகேயு ஏறிய மரம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். காட்டத்தி என்று மனதில் வைத்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். அது அத்தியா, முசுக்கொட்டையா, இரண்டும் கலந்ததா என்று குழந்தைகளுக்குள் விவாதம். எப்படி ஏறியிருப்பார் என்று காட்ட, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் முற்றத்து வால்நட் மரத்தில் ஏறியே விட்டான். ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியவில்லை. போதகர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, கீழே நின்று ஏதோ சொன்னார். கூட்டமே உருண்டு சிரித்தது. மாணவியிடம் கேட்டேன். "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கி வா" என்றாராம், கதையில் இயேசு சொல்வதைப் போலவே.

என் பாடம் அத்தோடு முடிந்தது. மற்ற நாலு கதைகளையும் போதகரே எடுத்துக்கொண்டார். "சமையலறையில் ஒரு ஆள் குறைகிறது" என்று மிகப் பணிவாகச் சொன்னார்.

ஜூலை 16

சமையலறையை ஆள்வது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறைய உருளைக்கிழங்கைக் காட்டி, ஒரு கத்தியைக் கையில் கொடுத்தார். இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் ஒரு சிவப்புக் குப்பியைத் திறந்து ஒரு ஸ்பூன் நீட்டினார். "ஏரேஷ் பிஷ்தா". மிளகாயை அரைத்து உப்புப் போட்டு வைத்தது. பெயருக்குக் காரமான ஸ்டீவன் என்று அர்த்தமாம். சுற்றிலும் நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காரம் பரவாயில்லை, உப்புதான் தொண்டையை அடைத்தது. தண்ணீர் கேட்டேன். காரத்துக்குத் தோற்றேன் என்று எழுதிக்கொண்டார்கள். விளக்கம் சொல்ல எனக்கு மொழி இல்லை.

மதியம் முதலில் சூப். ஐஸ் போலக் குளிர்ந்த, இளஞ்சிவப்பான, இனிப்பான புளிச்செர்ரி சூப். அடுத்து பெரிய தட்டு நிறைய பாஸ்தா. அதன்மேல் கறுப்பாகப் பொடி. மிளகு என்று நினைத்து வாயில் வைத்தால் சர்க்கரை. பொடி கசகசா! குருமாவில் ஒரு ஸ்பூன் அரைத்து ஊற்றுகிற சாமானை இவர்கள் கிலோ கணக்கில் பொடித்து, சர்க்கரை கலந்து, மதியச் சாப்பாடாகவே தின்கிறார்கள். குழந்தைகள் மூன்றாம் தடவைக்குத் தட்டை நீட்டினார்கள். எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லை. திருட்டுத்தனமாக ஒரு வெந்த உருளைக்கிழங்கில் அந்தக் காரமான ஸ்டீவனைத் தொட்டுத் தின்றேன். பாட்டி பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழங்கு தனியாக வந்தது.

சாப்பிடும்போது ஊர்க் கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது. 1456-இல் நாண்டோர்ஃபெஹேர்வாரில், அதாவது இன்றைய பெல்கிரேடில், ஹங்கேரியத் தளபதி ஹுன்யாடி யானோஷ் துருக்கிப் படையைத் தடுத்து நிறுத்தியதன் நினைவாகத்தான் இந்த மதிய மணி என்று போதகர் சொன்னார். போப்பாண்டவர் சொன்ன மணியைக் கால்வின்காரர்களும் அடிக்கிறார்களே என்று கேட்டேன். "வெற்றி எல்லோருக்கும் பொது" என்றார். அவர் ஹுன்யாடி யானோஷ் என்று சொன்னதைக் கவனித்தேன். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். இனிஷியல்காரர்களுக்கு ஏற்ற ஊர்.

மாலை ஏழு முதல் ஏழரை வரை போன் நேரம். மற்ற நேரம் எல்லாப் போன்களும் ஒரு ஷூ பெட்டிக்குள். பெட்டியைத் திறந்ததும் முற்றமெங்கும் "அபா! அபா!" என்று குரல். திரும்பிப் பார்த்துவிட்டேன். 'ப'வை அழுத்தாமல் சொன்னாலும் அது நம் அப்பாதான். அவர்கள் மொழியிலும் தந்தைக்கு அதுவே சொல். தற்செயல்தான் என்று மாணவி சொன்னாள். ஆனால் வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கு என்று நாம் வால் ஒட்டுவதைப் போலவே அவர்களும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். அவன், அவள் பேதமும் இல்லை, இரண்டுக்கும் ஒரே சொல். மூன்று நாளில் எதுவும் பேச வரவில்லை என்றாலும், எங்கே வால் தொடங்குகிறது என்று காது பழகிவிட்டது.

பத்து வயதுப் பையனும் அவன் தங்கையும் மட்டும் போனை வாங்கிக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்தார்கள். கார்பாத்தியன் மலையடிவாரத்தில், உக்ரைனில் ஹங்கேரிய மொழி பேசும் ஊரிலிருந்து வந்தவர்கள். 2022-இல் போர் தொடங்கியதும் அங்கே 18 முதல் 60 வயது வரையுள்ள பெரும்பாலான ஆண்கள் நாட்டை விட்டு வெளியே வரத் தடை போட்டார்கள். அம்மாவும் பிள்ளைகளும் இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம். அரை மணி நேரமும் அந்தப் பையன் ஒரு மீன்பிடி தூண்டிலைப் பற்றியே பேசினானாம்.

இரவு தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன். ஒரு குழந்தைக்கு ஆறு நாள் முகாம் கட்டணம் 45,000 ஃபோரிண்ட். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு நாலு ஃபோரிண்டுக்குச் சற்று மேல். என் விமானச் செலவில் ஆறு, ஏழு குழந்தைகளை இலவசமாகச் சேர்த்திருக்கலாம். நான் வந்ததால் இவர்களுக்கு ஸ்டேஷனுக்கு ஒரு வேன் ஓட்டம், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு கட்டு ஆங்கிலப் படிவம் என்று வேலை கூடியதுதான் மிச்சம். வெளிநாட்டு ஊழியம் என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஊரிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. நான் போடவில்லை.

ஜூலை 17

காலையில் அந்தக் கணக்கை மாணவி வழியாகப் பாட்டியிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமலே முழுதும் கேட்டார். "கணக்கு சரிதான். உரி" என்றார்.

மதியம் முதல்முறையாக ஏரியில் இறங்கினேன். பாலட்டனை "ஹங்கேரியக் கடல்" என்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1920-இல் போட்ட ஒப்பந்தத்தில் நிஜக் கடற்கரை கைவிட்டுப் போன நாடு, அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமூச்சும் இருக்கிறது. நீளம் 77 கிலோமீட்டர், சராசரி ஆழமோ மூன்று மீட்டர் சொச்சம்தான். தென்கரையில் நடந்தேன், நடந்தேன், தண்ணீர் இடுப்புக்கு மேல் வரவே இல்லை. அடியில் வழுவழு சேறு. தண்ணீர் பால் கலந்த பச்சை நிறம், வெந்நீர் போடாத குளியலறை வாளி அளவுக்குச் சூடு.

கரையில் லாங்கோஷ் வாங்கினேன். பூரி மாவைப் புளிக்க வைத்துத் தட்டளவுக்குப் பொரித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பூண்டுத் தண்ணீர், புளித்த க்ரீம், துருவிய சீஸ். 2,200 ஃபோரிண்ட், அதாவது ஐந்நூறு ரூபாய். ஏரிக்கரை விலை அநியாயம் என்று உள்ளூர்க்காரர்களே திட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கசகசா பாஸ்தாவுக்குப் பிறகு எனக்கு அது தகும்.

நாலரை மணிக்குக் கரையோரக் கம்பத்து விளக்கு மின்ன ஆரம்பித்தது. நிமிடத்துக்கு 45 முறை மின்னினால் முதல் எச்சரிக்கை, கரையை விட்டு 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 90 முறை என்றால் இரண்டாம் எச்சரிக்கை, தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது. ஆகாயத்தில் மேகமே இல்லை, எனக்குச் சிரிப்பாக இருந்தது. குழந்தைகளோ தாங்களாகவே ஜோடி ஜோடியாகக் கைகோத்து வெளியே வந்தார்கள். எண்ணினோம், 42. துண்டுகளை மடிப்பதற்குள் விளக்கு இரட்டை வேகத்தில் துடித்தது. வடகரை மலைகள் காணாமல் போயின. முகாம் வாசலை அடைந்தபோது மழை பக்கவாட்டில் அடித்தது. சமையலறை ஜன்னல் ஒன்று உடைந்து, நான் உரித்து வைத்திருந்த தொட்டிக்குள் கண்ணாடி விழுந்தது. இருபது கிலோ கிழங்கும் குப்பைக்கு.

இடி ஒன்று பக்கத்தில் விழுந்ததும் சின்னப் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள், வேடிக்கை பார்க்க. அந்த அண்ணனும் தங்கையும் மட்டும் தலையணையை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, நடைபாதையில் ஜன்னல் இல்லாத சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள். பாட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முட்டிவலிக்காரர். மழை விட்ட பிறகு நானும் மாணவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அவரை எழுப்ப முடிந்தது.

இரவு உணவு ரொட்டியும் எலுமிச்சைத் தேநீரும்.

ஜூலை 18

திஹான்யிக்குச் சுற்றுலா. சாண்டோடிலிருந்து கார்களை ஏற்றும் படகில் அக்கரைக்கு. பத்தே நிமிடம்தான், ஆனாலும் இரண்டு பேர் வாந்தி. நேற்றைய புயலுக்குப் பிறகு காற்று கழுவி விட்டாற்போல் இருந்தது.

குன்றின்மேல் இரட்டைக் கோபுர மடாலயம். 1055-இல் முதலாம் ஆண்ட்ராஷ் மன்னர் நிறுவியது, அவர் கல்லறை அடித்தளத்தில் இருக்கிறது. மடத்துக்கு அவர் கொடுத்த சாசனம் லத்தீனில் இருந்தாலும் நடுநடுவே ஹங்கேரியச் சொற்கள் உண்டு. அந்த மொழிச் சொற்கள் எழுதப்பட்டு இன்றும் மிஞ்சியிருக்கும் மூல ஆவணங்களில் அதுவே மிகப் பழையது. அதில் ஒரு தொடரைப் போதகர் எழுதிக் காட்டினார். "ஃபெஹேர்வாருக்குப் போகும் படைவழிக்கு" என்று பொருள். இன்றைக்கு ஒட்டாக இருக்கும் வால் அதில் தனிச் சொல்லாக நின்றது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு சொல்லாகக் கண்டுபிடித்துக் கத்தினாள். கல்வெட்டில் தன் ஊர்ப் பெயரைப் படித்துவிட்ட பிள்ளையின் முகம் அது.

லாவெண்டர் ஐஸ்க்ரீம் ஒரு உருண்டை 700 ஃபோரிண்ட். சோப்பைத் தின்றதுபோல் இருந்தது. என் பங்கைச் சகேயு தின்று முடித்தான். ஆமாம், மரம் ஏறியவனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஜூலை 19

ஐந்து நாளாக நான் செய்த உருப்படியான வேலையைச் சொல்லவே இல்லை. உண்ணி பார்ப்பது. புல்லிலும் புதரிலும் இருந்து தொற்றிக்கொள்ளும், எள்ளளவுதான் இருக்கும். லைம் நோயும் மூளைக்காய்ச்சலும் பரப்பும் என்பதால் தினமும் இரவு குளியலுக்குப் பிறகு தணிக்கை. பெண்பிள்ளைகளுக்கு நானும் மாணவியும். காது மடல், கழுத்து, அக்குள், முழங்காலின் பின்பக்கம். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் வைத்தால் தானாக விழும் என்று நான் சொன்னதற்கு எட்டு வயதுக்காரி ஒருத்தி விரலை ஆட்டி ஒரு சொற்பொழிவே நடத்தினாள். மொழிபெயர்ப்பு: எண்ணெய் கூடவே கூடாது, இந்தியா நேனிக்கு இது தெரியாதா?

பேச்சே தேவைப்படாத வேலை அது. வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருத்தியும் பகலில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே முடியைத் தூக்கிக் கழுத்தைக் காட்டுவாள். நான் "இகென், இகென்" என்பேன். ஆமாம், ஆமாம். எதற்கெல்லாம் ஆமாம் சொன்னேனோ.

இரவு முற்றத்தில் மூன்று கால் கம்பியில் கொப்பரையைத் தொங்கவிட்டு மிளகாய்த்தூள் போட்ட உருளைக்கிழங்குக் குழம்பு. புதிதாக உரித்தது, கண்ணாடி இல்லாதது. புகை வாசனையோடு மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

ஜூலை 20

பத்து மணிக்குப் பெற்றோர் வர ஆரம்பித்தார்கள். "ஆல்டாஷ், பேகேஷேக்" என்று கைகுலுக்கினார்கள். ஆசீர்வாதமும் சமாதானமும் என்று அர்த்தம், சபைக்காரர்களின் வணக்கம். முற்றத்தில் மறுபடியும் "அபா!" மழை. இந்தத் தடவை போனில் இல்லை, கழுத்தைக் கட்டிக்கொண்டு. வேலியோரத்து இரண்டு பேரையும் அழைத்துப்போக அம்மா வந்தார். பையன் என்னிடம் வந்து கைகுலுக்கி "ஹலோ" என்றான். ஏற்கெனவே மாணவி எச்சரித்திருந்தாள், இங்கே பிரியும்போதும் ஹலோதான். நானும் ஹலோ சொன்னேன்.

பாட்டி ஒரு பாதாமி ஜாம் குப்பியைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். கூடவே அந்த உருளைக்கிழங்குக் கத்தியையும். கைப்பையில் வைத்தால் விமானத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று சைகையில் சொன்னேன். பெரிய பெட்டியைத் திறக்கச் சொல்லி, தானே அடியில் துணிக்கு நடுவே செருகினார்.

ஜூலை 21

புடாபெஸ்ட். விடுதி அறை சிறியது, ஆனால் ஏசி உண்டு. பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது வலது முழங்காலின் பின்பக்கம் ஏதோ அரித்தது. மச்சம் என்று நினைத்தேன். அங்கே எனக்கு மச்சம் கிடையாது.

நாற்பத்திரண்டு பேரையும் ஐந்து இரவு பார்த்தாயிற்று, என்னை யார் பார்த்தார்கள்? கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, உடம்பைத் திருகி, புருவ இடுக்கியோடு கால் மணி நேரம் போராடினேன். முதல் மூன்று முறை நழுவியது. கை தானாகத் தேங்காயெண்ணெய் டப்பாவை நோக்கிப் போனது. அந்த எட்டு வயதுக்காரியின் விரல் கண்முன் ஆடியது. டப்பாவை மூடிவிட்டு, தோலையொட்டிப் பிடித்து, நேராக இழுத்தேன்.

முழுசாக வந்தது. கால் எட்டையும் எண்ணிப் பார்த்தேன்.